அம்மாவின் அரைப் பேர்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், 2003 ஆவணி வரைக்கும் எங்கள் அம்மா ஒரு நாளைக்கு 24, 25 கிலோ கொழுந்து எடுப்பார். சீசன் நேரம் என்றால் முப்பதைத் தாண்டும். எங்கள் தோட்டத்தில் அப்போது முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ 18 கிலோ வேண்டும். அதற்கு மேல் எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. எனக்கும் தம்பிக்கும் கொப்பி, சப்பாத்து, தீபாவளி உடுப்பு எல்லாம் அந்தக் காசில்தான். அதனால் அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டுப் படியேறி வரும் அம்மாவிடம் நாங்கள் முதலில் கேட்பது, "இன்னைக்கு எத்தன கிலோ?" என்றுதான்.

ஐப்பசியில் அது 20 ஆனது. கார்த்திகையில் 17. அடுத்த சித்திரையில் மலை முழுக்கக் கொழுந்து பொங்கிக் கிடந்தது. பக்கத்து நிரையில் நின்றவர்கள் எல்லாம் 30 கிலோ நிறுத்த நாட்களில் அம்மாவின் கூடையில் 11 கிலோ. கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அரைப் பேர் போட்டார்.

ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐம்பது அறுபது பேர் பார்த்திருக்க, ஒரு பெண்ணின் உழைப்பு நிறுக்கப்படும் இடம் கொழுந்து மடுவம். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மடுவத்துத் தராசு முதல் ஐப்பசியிலேயே சொல்லிவிட்டது. டொக்டர் முன்னால் போய் உட்கார எங்களுக்கு 2007 ஆனது. நடுவில் ஓடிய அந்த நான்கு வருடங்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சோம்பல் என்றே வாசித்தார்கள். கங்காணி, "ஒனக்கு வேலைக்கு வர இஷ்டமில்லேன்னா வீட்ல இரு தாயி" என்றார். அப்பாயி, "எவ கண்ணு பட்டுச்சோ" என்றது. அப்பா ஒன்றும் சொல்லாமல் குடிக்கத் தொடங்கினார். பதின்மூன்று வயதில் எனக்கும் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் காசு இல்லை என்றபோது, "நீ ஒழுங்கா கொழுந்து எடுத்தா இருந்திருக்கும்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். அம்மா திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் நோயின் ஒரு குறிதான் என்று இப்போது தெரிகிறது. அம்மா அதற்கு முன் எதற்கும் பதில் சொல்லாமல் விட்டவர் இல்லை.

வீட்டிலும் குறிகள் இருந்தன. விடிய மூன்று மணிக்கே எழுந்து, இருட்டில் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், வந்து உட்கார்ந்திருப்பார். ரொட்டியில் உப்பு இருக்காது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரங்கள் ஆகியிருக்கும். காமன் கூத்துக் காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் கிளம்பிப் போவார்கள், அம்மா மட்டும் காம்பரா அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஆனால் அழவில்லை. மனசு கெட்டவர்கள் அழுவார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா சொன்னதெல்லாம் உடம்பைப் பற்றி மட்டும்தான். "கை காலெல்லாம் ஒளைச்சல்." "நெஞ்சுக்குள்ள கல்ல வச்ச மாதிரி இருக்கு." "தல கனக்குது." தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோலும் வைட்டமின் மாத்திரையும் கிடைத்தன. அதைத் தந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். உளைச்சல் என்று வந்தவளுக்கு உளைச்சலுக்குத் தந்தார்.

மனச்சோர்வு என்ற சொல்லை நான் கல்வியியற் கல்லூரியில்தான் முதன்முதலாகக் கேட்டேன். நம் பெண்களிடம் அந்தச் சொல் கிடையாது. "மனசு சரியில்ல", "ஒரே யோசனை" என்பார்கள். அதைக்கூடப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், உடம்பைத்தான் காட்டுவார்கள். மருத்துவம் சொல்வது இதுதான்: நாள் முழுக்க மனம் இருண்டு கிடப்பதோ, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் போவதோ இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் நீடித்து, அதோடு தூக்கம், பசி, உடல்வலு, சிந்தனை என்று பலதும் கெட்டால் அது வெறும் கவலை அல்ல. சிலருக்கு உடலின் வேகமே குறைந்துவிடும். நடை, பேச்சு, விரல்கள் எல்லாம் மந்தமாகும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ள இரண்டு கை விரல்களும் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பது கூடை சுமந்தவர்களுக்குத் தெரியும். அம்மாவின் கூடையில் குறைந்த 13 கிலோவும் நோயின் கனம்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தேயிலைக்கு வரும் கொப்புள நோய் ஞாபகம் வரும். 1946 இல் அந்தப் பூஞ்சை இலங்கைக்கு வந்தது. கொழுந்து இலையில் வெளிறிய சின்னப் புள்ளியாகத் தொடங்கும். மழைக்காலத்தில் ஒரு மலையில் அந்தப் புள்ளி தெரிந்தால் போதும், தாமதிக்காமல் செப்பு மருந்து அடிக்க ஆள் பிரிப்பார்கள். பெரிய கொப்புளமாகட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. அந்த இலையைக் கிள்ளிய கைகளுக்கு மட்டும் நாங்கள் நான்கு வருடம் காத்திருந்தோம்.

காத்திருந்தோம் என்பதும் முழுக்கச் சரியில்லை. சும்மா இருக்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தோம். கோடாங்கியிடம் போனோம். உடுக்கடித்துப் பார்த்தவர், ஆற்றோரத்து முனி பார்வை பட்டிருக்கிறது என்றார். சேவல் கொடுத்தோம். கயிறு கட்டினோம். இரண்டு நாள் அம்மா கொஞ்சம் தெளிவாக இருந்தார். தனக்காக இத்தனை பேர் ஒன்று சேர்ந்து நின்ற ஆறுதலாக இருக்கலாம். பிறகு பழையபடிதான். ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் கொஞ்சம். "நெஞ்சுக்குள்ள ஏதோ பிசையுது" என்று அம்மா சொன்னதை, வரிசையில் நின்ற ஒருவர் இரக்கப்பட்டு, நெஞ்சு வலி என்று சிங்களத்தில் சொன்னார். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்பா சந்தோஷமாகத் திரும்பி வந்து, "ஒனக்கு ஒன்னும் இல்லியாம்" என்றார். அன்று அம்மாவின் முகம் எப்படிப் போனது என்பதை என்னால் எழுத முடியவில்லை. நோய் இல்லை என்றால், மிச்சம் இருப்பது சோம்பல் மட்டும்தானே.

இதற்கெல்லாம் பின்னால் இன்னொரு பயமும் இருந்தது. மலையில் யாரையாவது வைய வேண்டுமென்றால் "ஒன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் கொழும்புப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் எங்களுக்கு ஒரு வசவு. அங்கே போனால் அடைத்துவிடுவார்கள், ஊசி போட்டே ஆளை முடித்துவிடுவார்கள், பிறகு மகளை யார் கட்டுவான் என்பதுதான் பேச்சு. பயத்துக்குப் பழைய காரணமும் உண்டு. இந்த நாட்டின் மனநோய்ச் சட்டத்துக்கு அடி 1873 இல் போடப்பட்டது. மலையில் கோப்பி விளைந்து, எங்கள் பாட்டன் பூட்டன்கள் மாத்தளை வழியாக நடந்து வந்துகொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் மனநோய்க்குச் சரியாகக் கேட்கும் மருந்து என்று ஒன்று உலகத்தில் எங்கும் இல்லை. பெரும்பாலும் அடைத்து வைப்பதுதான் வழி. இல்லாத குரல் கேட்கும் பித்துநிலைக்கான முதல் மருந்து 1952 இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளும் அந்தப் பத்தாண்டில்தான் வந்தன. இன்று நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில் தங்குவதே இல்லை. மாதம் ஒருமுறை கிளினிக் போய், மருந்தை எடுத்துக்கொண்டு பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வசவு மட்டும் அப்படியே நிற்கிறது.

2007 இல் நாங்கள் போனதும் தற்செயல்தான். தம்பிக்குக் காய்ச்சல் என்று போன இடத்தில், மருந்து எழுதிய இளம் டொக்டர் தம்பியைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களவர். உடைந்த தமிழில், "அம்மா, காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வாறது?" என்று கேட்டார். "மூணு மணி" என்றார் அம்மா. "முழிச்சா, என்ன நினைப்பு வாறது?" நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அம்மா அங்கேயே உடைந்து அழுதார். நாங்கள் பார்த்து முதல் அழுகை அது. அடுத்த வாரமே மனநல கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

கிளினிக்குக்குப் புதிதாகப் போகிறவர் ஒரு கொப்பி கொண்டு போக வேண்டும். டொக்டர் அதில்தான் எழுதுவார். அப்பாவிடம் புதுக் கொப்பி வாங்கக் காசில்லை. தம்பியின் பாதி எழுதிய விஞ்ஞானக் கொப்பியிலிருந்து எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டு, மிச்சத்தைக் கொடுத்தார். தம்பிக்கு அது இனித் தேவைப்படவில்லை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அந்த மாதம்தான் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகப் பெட்டி கட்டியிருந்தான்.

முதல் நாள் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைரொயிட் சுரப்பு குறைந்தாலும், இரத்தச்சோகை இருந்தாலும் ஆள் இதேபோல் சோர்ந்து போகக்கூடும், நம் தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தச்சோகை ஒன்றும் புதிதல்ல. அம்மாவுக்கு அதுவும் கொஞ்சம் இருந்தது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. மனச்சோர்வுக்குக் காலையில் ஒரு கேப்சூல். உடனே ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல வேளை சொன்னார்கள். முதல் வாரம் வயிற்றைப் பிரட்டல் மட்டும்தான் இருந்தது. சொல்லாதிருந்தால் அதோடு விட்டிருப்போம். நான்காம் வாரம் ஒரு காலையில் ரொட்டியைக் கடித்தேன். உப்பு இருந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாம் மாதம் அம்மா மருந்தை நிறுத்திவிட்டார். "அந்த மாத்திரையத் தின்னா மூள மந்தமாயிரும்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யாரோ சொன்னார்கள். அம்மாவும் நன்றாகத்தானே இருந்தார். அதோடு கிளினிக் நாள் என்றால் அன்றைய பேர் போய்விடும், பஸ் காசு வேறு. அறிகுறிகள் தீர்ந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பதன் அர்த்தம் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. அடுத்த மாரியில் திரும்பவும் மூன்று மணி முழிப்பு. இந்தத் தடவை நாங்கள் பன்னிரண்டாம் நாளே கிளினிக்கில் நின்றோம். கிலோ 24 இலிருந்து 19 க்கு வந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் மீண்டுவிட்டார். அதே அம்மா, அதே மருந்து, அதே கிளினிக். முதல் தடவை நான்கு வருடம், கடன், அப்பாவின் குடி, தம்பியின் படிப்பு. இரண்டாம் தடவை ஐந்து கிலோ கொழுந்து.

தம்பிக்கு இப்போது கொழும்பில் சொந்தமாக ஒரு சிறிய கடை இருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரன். எட்டாம் தரத்தில் வகுப்பில் முதலாம் பிள்ளை. அம்மா திரும்பி வந்துவிட்டார், அவனுடைய ஒன்பதாம் தரம் வரவில்லை.

பல வருடம் கழித்து ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னார்: "அந்தக் காலத்துல நான் இருக்கவே நெனைக்கல. ஒங்க ரெண்டு பேரையும் பாத்துத்தான்..." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். 1995 அளவில் தற்கொலை விகிதத்தில் இலங்கை உலகின் மேல்வரிசையில் நின்றது. ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் வரை. மிகக் கொடிய பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. சாக நினைக்கிற நேரம் பலருக்கும் கடந்துபோகிற நேரம்தான். அதைக் கடக்க விட்டால் மனிதர் மிஞ்சுகிறார். ஆனால் மிஞ்சியவரின் நோய் அங்கேயே இருக்கிறது. அதைச் சொல்லவும் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள், பொலிஸ் வரும் என்று. தற்கொலை முயற்சி இந்த நாட்டில் குற்றமில்லை என்று 1998 இலேயே சட்டம் மாற்றப்பட்டுவிட்டது. லயத்துக்கு லயம் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி இது.

நான் இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. என் கையில் தராசு இல்லை, வரவு இடாப்பு இருக்கிறது. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்பதைப் படித்த நாளிலிருந்து அந்த இடாப்பை வேறு கண்ணால் பார்க்கிறேன். அப்படித்தான் உயர்தர வகுப்பில் ஒரு பையனின் மாற்றம் கண்ணில் பட்டது. அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். அம்மா குவைத்தில், பாட்டியிடம் வளர்கிற பிள்ளை. முதலில் கையெழுத்து கெட்டது. பிறகு கூட்டாளிகளோடு சேராமல் கடைசி வாங்கில் தனியாக உட்கார்ந்தான். ஒரு நாள், ஸ்டோர்ச் சங்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு, ஊதும்போது அதில் தன் பேரைச் சொல்கிறார்கள் என்றான். விளையாட்டில்லை, பயத்தில் கை நடுங்கியது.

மனச்சோர்வு வேறு, இது வேறு. இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தன்னைக் குறிவைக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது எல்லாம் பித்துநிலையின் தொடக்கமாக இருக்கலாம். மருந்தில்லாமல் போகும் காலம் நீள நீள, திரும்பி வருவதும் கடினமாகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோர்வேயில் ரோகலாண்ட் என்ற பகுதியில் 1997 இல் ஒரு வேலை செய்தார்கள். பத்திரிகை, வானொலி, பாடசாலை என்று எல்லா வழியிலும் ஆரம்பக் குறிகள் எவை என்று சனத்துக்குச் சொன்னார்கள். ஆசிரியரோ தாயோ யாரும் நேரடியாகக் கூப்பிடக்கூடிய ஒரு குழுவையும் வைத்தார்கள். முன்பு அங்கே நோய் தொடங்கிச் சிகிச்சைக்கு வரும் காலத்தின் நடுமதிப்பு 26 வாரமாக இருந்தது. அது 5 வாரமளவுக்கு இறங்கியது. பிரசாரத்தை நிறுத்தியதும் திரும்ப 15 வாரமாக ஏறியது. டொக்டர்களும் மருந்தும் அங்கேயேதான் இருந்தார்கள். சனத்துக்குச் சொல்வது நின்றது, அவ்வளவே. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

பையனின் பாட்டி கோடாங்கியிடம் போக வேண்டும் என்றது. நான் தடுக்கவில்லை. "பூசையும் செய்ங்க பாட்டி, வெள்ளிக்கெழம கிளினிக்கும் போவோம்" என்றேன். சாமியா டொக்டரா என்று வழக்கு வைத்தால் நம் ஊரில் டொக்டர்தான் தோற்பார், பிள்ளை நடுவில் கிடக்கும். கோடாங்கித் தாத்தா பையனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விபூதி பூசி, "டீச்சர் சொல்றபடி கூட்டிட்டுப் போ ஆத்தா, ஊசியும் வேணும் இதுக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் காலில் விழலாம். சங்கில் பேர் கேட்டதிலிருந்து ஆறாவது வாரம் மருந்து தொடங்கியது.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத மாட்டேன். மருந்தால் தூக்கம் தள்ளியது, உடம்பு வைத்தது. இரண்டு முறை மருந்தை மாற்ற வேண்டி வந்தது. அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை, அடுத்த வருடம் எழுதினான். இப்போது பக்கத்து டவுனில் வேலை செய்கிறான். எப்போதாவது குரல் எட்டிப் பார்க்கும் என்கிறான், "ஆனா அது நோயின்னு எனக்குத் தெரியும் மிஸ்" என்கிறான். கூட்டாளிகள் அவனைக் கைவிடவில்லை. பயந்து ஒதுங்கும் அளவுக்கு அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பெற்றோர் என்னிடம் கேட்பது, என்னத்தைச் சொல்லிப் பிள்ளையிடம் பேச்சைத் தொடங்குவது என்று. ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை, எங்கள் அம்மாவிடமும் இருக்கவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். "மூணு வாரமா நீ சரியா தூங்கல, நான் பாத்தேன்." டொக்டரிடமும் அதைத்தான் சொல்ல வேண்டும்: எப்போதிலிருந்து, என்ன மாறியது, முன்பு எப்படி இருந்தார். உடன் போகிறவர் சிங்களம் தெரிந்தவராக இருந்தால் நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லட்டும், தானாக வலி என்று மாற்ற வேண்டாம். இரவில் யாரும் இல்லாத நேரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு கிளினிக் நாளுக்குப் பேர் போடுங்கள். சம்பளப் பேச்சு எத்தனையோ முறை நடந்திருக்கிறது, இது ஒரு நாள் கணக்குத்தான்.

அம்மாவுக்கு இப்போது பென்சன் வயது. வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் அந்தியில் பீலிக்கரைக்குப் போய், வருகிறவர்களிடம் எல்லாம் "எத்தன கிலோ?" என்று கேட்பார். பழக்க தோஷம் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் வந்து சொன்னார்: "கீழ் லயத்து மருமகளுக்கு ஏழு கிலோவாம். புள்ள மடுவத்துல கொழந்தைய விட்டுட்டு வேலைக்கு வந்து ஒரு மாசம் ஆவுது. கொழந்தையப் பாக்குறதே இல்ல அந்தப் புள்ள."

மிட்வைஃப் மிஸ்ஸிடம் பேசினேன். பிள்ளை பெற்ற தாய்மாருக்கென்று 1987 இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் இருக்கின்றன, தாளில் பதில் போட ஐந்து நிமிடம் போதும். வீட்டுக்கே வந்து அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். மாமியார்க்காரி முகத்தைத் தூக்கினாள். அம்மா அவளிடம் போய், "நான் போறேன்ல பதினேழு வருஷமா, என்ன கெட்டுப்போச்சு எனக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை விடிய ஐந்தே முக்கால் பஸ். அம்மாவின் பையில் எப்போதும்போல உறை போட்ட தன் கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், இரண்டு பேருக்கு ரொட்டி. அதோடு, முதல் நாள் கடையில் வாங்கிய புதுக் கொப்பி ஒன்று. எண்பது பக்கம். அந்தப் பெண்ணின் பெயரை மேலே அழகாக எழுதித் தரச் சொல்லி, இரவே என்னிடம் கொடுத்திருந்தார்.